பழைய காமிராவுக்கு ஒரு லென்ஸ்

பழைய பொருளை விலைக்கு வாங்குவது ஒரு கலை. மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார். நிலம் வாங்குகிறவர் மூலப் பத்திரத்தைப் புரட்டுகிறார். பிலிம் காமிரா வைத்திருப்பவர் அதற்குப் பழைய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. அது சரியான விடைதான். ஆனால் முதல் விடை அன்று. கண்ணாடியைப் பார்க்குமுன் அதன் மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த லென்ஸ் எந்த ஆண்டில், எந்தக் காமிராவுக்காக, எந்தத் தேவையை முன்னிட்டுச் செய்யப்பட்டது என்பதே அந்தப் பத்திரம். ஆகவே, லென்ஸ் வாங்குவது பற்றிப் பேச வந்த நான் வரலாறு பேச வேண்டியவனாகிறேன்.

மதுரையிலிருந்தே தொடங்குவோம். சென்னை அரசாங்கம் 1856-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரியை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், யானைமலை ஆகியவற்றைப் படமாக்கினார். அவருடைய நெகட்டிவ்கள் பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதத்தால் ஆனவை. ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையவை. அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். அவற்றை ஒட்டி இணைத்தபோது சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது. இன்றும் ஆராய்ச்சியாளர் வியந்து பார்க்கும் படங்கள் அவை.

அந்தப் படங்களில் ஒன்று குறைகிறது: மனித நடமாட்டம். கோபுரம் இருக்கிறது, தூண் இருக்கிறது, குளம் இருக்கிறது, கூட்டம் இல்லை. டிரைப் மதுரைக்கு வந்தபோது வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன என்பது இதற்குப் பொருளன்று. காகித நெகட்டிவுக்கு ஒளி போதுமான அளவு சேர நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து சென்றவர் படத்தில் பதியாமலே போய்விடுவார். கல் மட்டுமே காத்திருக்கும் பொறுமை உடையது. ஆகவே கல் பதிந்தது.

மனிதனைப் பதிக்க வேண்டுமானால் லென்ஸ் மிகுதியான ஒளியை உள்ளே விட வேண்டும். இந்த உண்மையை ஐரோப்பா முன்னரே உணர்ந்திருந்தது. 1839-ஆம் ஆண்டில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, வியன்னா நகரில் பேராசிரியராக இருந்த யோசெப் பெட்ஸ்வால் கணக்கிட்டுத் தந்த முறைப்படி வோக்ட்லெண்டர் கம்பெனியார் உருவப் படத்துக்கென்றே ஒரு லென்ஸ் செய்தனர். முன்னைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. முகத்தைப் படமெடுப்பது ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு அந்த லென்ஸ் ஒரு முக்கியமான காரணம். பிற்காலத்தில் நம் ஊர்களில் தோன்றிய ஸ்டூடியோக்களின் மூதாதை அதுவே எனலாம்.

முகப் படம் என்பது உசிலம்பட்டி வட்டாரத்தில் சிறிய விஷயம் அன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இப்பகுதி மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஒரு சமூகத்தையே சந்தேகத்துக்கு உரியதாக்கி, ஆண்களின் விரல் ரேகையை ஏட்டில் பதியச் சொன்ன சட்டம் அது. அதற்கு இணங்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடைபெற்றது. மாயாக்காள் என்னும் பெண்மணி உட்படப் பலர் உயிர் நீத்தனர். 1947-ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. பிறர் கேட்டுப் பெற்ற பதிவு ரேகை. தாமே விரும்பிச் செய்துகொண்ட பதிவு, வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டுப் பொட்டு வைத்து மாட்டிய படம். ஒரு குடும்பம் தன் பெரியவரின் முகத்தைத் தானே பதிந்து வைத்துக்கொள்வதன் அருமை இந்த இடத்தில் நன்கு விளங்கும்.

ஸ்டூடியோவில் மனிதர் காமிராவுக்காக அமர்ந்தார். திருவிழாவிலும் சந்தையிலும் வயல்வெளியிலும் காமிரா அல்லவா மனிதரைத் தேடிச் செல்ல வேண்டும்! அங்கே இரண்டு தொல்லைகள் எழுந்தன. எதிரில் இருப்பவர் சில சமயம் அருகில் இருப்பார். சில சமயம் தொலைவில் இருப்பார். ஒவ்வொரு தடவையும் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தால் காட்சி போய்விடும். இது முதல் தொல்லை. அவர் அசைந்துகொண்டே இருப்பார். கையால் வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குவதற்குள் விலகிப் போய்விடுவார். இது இரண்டாம் தொல்லை. முதல் தொல்லைக்கு ஜூம் லென்ஸ் மருந்தாயிற்று. இரண்டாவதற்கு ஆட்டோபோகஸ் மருந்தாயிற்று.

ஜூம் என்பது குவிய நீளத்தை நம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் லென்ஸ். டாக்டர் பிராங்க் பாக் என்பவர் வகுத்த முறைப்படி, அதே வோக்ட்லெண்டர் கம்பெனியார் 1959-ஆம் ஆண்டில் ஜூமார் என்னும் லென்ஸை வெளியிட்டனர். 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை நீளும் அதுவே 35 மி.மீ. நிழற்படக் காமிராவுக்கென விற்பனைக்கு வந்த முதல் ஜூம். நிக்கான் கம்பெனியின் எஃப் காமிராவும் அதே 1959-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. லென்ஸ் வந்து பொருந்தும் அதன் உலோக வாய்க்கு மவுண்ட் என்று பெயர். இந்த மவுண்ட்தான் நமது கதையின் பிற்பகுதியில் நாயகனாக வரப் போகிறது.

ஆட்டோபோகஸ் மெல்ல மெல்லத்தான் வந்தது. ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனியார் 1976-ஆம் ஆண்டில் அதனைக் கண்காட்சியில் செய்து காட்டினர், விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. 1977-ஆம் ஆண்டில் கோனிக்கா கம்பெனியின் சிறிய காமிரா ஒன்று தானே குவியும் வசதியோடு கடைக்கு வந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பென்டாக்ஸ் எம்.ஈ.-எஃப் 1981-ஆம் ஆண்டில் முன்னே வந்தது. அதற்கெனச் செய்த லென்ஸ் ஒரு ஜூமே என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. 35-70 மி.மீ. அளவுள்ள அந்த லென்ஸ் தன் மோட்டாரையும் அதற்கான பாட்டரிகளையும் தன் வயிற்றிலேயே சுமந்தது, பார்வைக்குப் பருமனானது, வேகத்திலும் மந்தம்.

1985-ஆம் ஆண்டில் மினோல்டா 7000 வந்தது; நிலைமை மாறியது. மோட்டாரைக் காமிராவின் உடலுக்குள் வைத்து, ஒரு சிறு முனையால் லென்ஸைத் திருப்பும் முறையை மினோல்டா கையாண்டது. காமிரா வேகமாகக் குவிந்தது, உலகெங்கும் விற்பனையாயிற்று. அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. ஆட்டோபோகஸ் பற்றிய தங்கள் காப்புரிமையை மினோல்டா மீறியதாக அமெரிக்காவின் ஹனிவெல் கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். 1992-ஆம் ஆண்டில் மினோல்டா 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது.

மினோல்டாவின் வெற்றியைக் கண்ட பிற கம்பெனிகள் ஒரு முச்சந்தியில் வந்து நின்றன. பழைய மவுண்டை வைத்துக்கொண்டே புதிய வித்தையைச் சேர்ப்பதா? அல்லது பழையதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? நிக்கான் தன் 1959-ஆம் ஆண்டு மவுண்டையே வைத்துக்கொண்டு 1986-இல் எஃப்-501 காமிராவை வெளியிட்டது. மினோல்டாவைப் போலவே மோட்டாரை உடலுக்குள் வைத்தது. கானன் கம்பெனியோ 1987-இல் தன் பழைய மவுண்டை அடியோடு கைவிட்டது. ஈ.ஓ.எஸ். 650 என்னும் காமிராவையும், அதற்கென ஈ.எஃப். என்னும் புதிய மவுண்டையும் கொண்டுவந்தது. அதில் மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இருந்தது. காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மின்சாரச் செய்தி தவிர வேறு இணைப்பு இல்லை. பழைய கானன் லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அன்று மனம் வருந்தினர்.

நாற்பது ஆண்டுக்கு முந்திய இந்த முடிவுகள் இன்று கடையில் நிற்கும் நம்மை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன். உசிலம்பட்டியில் என் உறவினர் மகன் ஒருவர் இருக்கிறார். தகப்பனார் வைத்துவிட்டுப் போன நிக்கான் எஃப்-501 காமிரா அவரிடம் உண்டு. குலதெய்வத் திருவிழாவை அதே காமிராவில் எடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 18-55 மி.மீ. ஜூம் ஒன்று மலிவாகக் கிடைப்பதாகவும், முன்பணம் கொடுக்கப் போவதாகவும் என்னிடம் சொன்னார். வேண்டாம் என்றேன்.

"சித்தப்பா, இதுவும் நிக்கான்தானே? மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்துகிறதே. பிறகு என்ன தடை?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. மவுண்ட் ஒன்றே, ஆகவே பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, பயன்படுவது வேறு. அந்த லென்ஸ் டிஜிட்டல் காலத்தில் பிறந்தது. அதன் குறைகளை அவருக்கு மூன்றாக எண்ணிக் காட்டினேன்.

முதலாவது, மோட்டார். அது தன் மோட்டாரைத் தனக்குள் வைத்திருக்கும் ஏ.எஃப்.-எஸ். வகை. அந்த மோட்டாரை இயக்க எஃப்-501 அறியாது. ஆகவே தானே குவியாது. இரண்டாவது, துவாரம். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பழைய லென்ஸில் ஒரு வளையம் இருக்கும். ஜி என்ற எழுத்தைத் தாங்கிய லென்ஸ்களில் அந்த வளையம் இல்லை. காமிராவின் உடலிலிருந்து துவாரத்தை அமைக்கும் வசதி எஃப்-501-இல் இல்லை. எனவே துவாரத்தை நம் விருப்பப்படி வைக்கும் உரிமை போய்விடுகிறது. மூன்றாவது, வட்டம். 35 மி.மீ. பிலிமின் சட்டம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. டி.எக்ஸ். என்று குறியிட்ட லென்ஸ் அதைவிடச் சிறிய டிஜிட்டல் தகட்டுக்காகச் செய்யப்பட்டது. அது வீழ்த்தும் ஒளிவட்டம் பிலிமின் மூலைகளை எட்டாது. படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுவிடும்.

இவ்வளவும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாத நல்ல லென்ஸின் கதை. கண்ணாடி குற்றமற்றது, மூலப் பத்திரம் பொருந்தவில்லை. அவ்வளவே.

மற்றக் கம்பெனிகளின் காமிரா வைத்திருப்போருக்கும் இவ்வாறே ஒரு கணக்கு உண்டு. கானன் ஈ.ஓ.எஸ். பிலிம் காமிரா வைத்திருப்பவர் பாக்கியசாலி. 1987-இல் பழையதை விட்டு வந்தவருக்கு நேர்ந்த வருத்தம் பின்வந்தவருக்கு வசதியாயிற்று. அந்த ஆண்டு முதல் வந்த கானனின் ஈ.எஃப். லென்ஸ் எதுவும் அதில் குவியும். ஆனால் 2003-ஆம் ஆண்டு முதல் வந்த ஈ.எஃப்.-எஸ். வகை பிலிம் காமிராவில் பொருந்தாது. கானன் அல்லாத பிற கம்பெனிகள் செய்த லென்ஸ்களை நம் காமிராவிலேயே மாட்டி இயக்கிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். மினோல்டா காமிராக்காரர் 1985-இல் தொடங்கிய மினோல்டா லென்ஸ்களைத் தேடலாம். கோனிக்கா மினோல்டா கம்பெனி 2006-இல் காமிராத் தொழிலைவிட்டு விலகியபோது அந்த மவுண்ட் சோனி வசம் சென்றது. சோனியின் லென்ஸ்களில் டி.டி. என்று குறித்தவை சிறு வட்டத்தன; பிலிமுக்கு ஆகா.

பத்திரம் பொருந்திய பின், தேவையைப் பார்க்க வேண்டும். உசிலம்பட்டியின் பகல் வெயில் எந்த லென்ஸுக்கும் போதிய ஒளி தரும். சந்தையையும், வயலையும், மேற்கே தெரியும் மலைத்தொடரையும் எடுக்க, 35-70 அல்லது 35-105 மி.மீ. அளவுள்ள சாதாரண ஜூமே போதும். கூட்டுக் குடும்பத்தைச் சிறிய திண்ணையில் உட்கார வைத்து எடுப்பவருக்கு 28 மி.மீ.-இல் தொடங்கும் ஜூம் உதவும். ஆனால் இந்த வட்டாரத்தின் பெருவிழா பகலோடு முடிவதன்று. மாசி மாதச் சிவராத்திரியில் உசிலம்பட்டியிலிருந்து பெட்டிகள் சுமந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் செல்கிறார்கள். இரவெல்லாம் கூட்டம் விழித்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் ஜூமின் துவாரம் எவ்வளவு அகலம் என்பதே கேள்வி.

லென்ஸின் முகப்பில் எஃப் 2.8 என்றோ, 3.5-5.6 என்றோ எண் பொறித்திருப்பார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது. எஃப் 5.6 உள்ளே விடும் ஒளியைப் போல நான்கு மடங்கை எஃப் 2.8 உள்ளே விடும். இந்த வேறுபாடு இரண்டு வகையில் பயன்படுகிறது. ஷட்டரை நான்கு மடங்கு விரைவாக இயக்கலாம். ஆகவே நடப்பவரின் கால் குழம்பாது. அன்றியும், பழைய காமிராவின் ஆட்டோபோகஸ், லென்ஸ் வழியாக வரும் ஒளியை இரு பகுதியாகப் பிரித்து ஒப்பிட்டுத்தான் தூரத்தை அறிகிறது. எஃப் 5.6-க்கும் குறுகிய லென்ஸில் அது தடுமாறும். மேலும் அக்காலத்துக் காமிராவில் குவிவதற்கான உணர்வுப் புள்ளி நடுவில் ஒன்றே உண்டு. அது செங்குத்துக் கோடுகளை நன்கு பிடிக்கும்; கிடைக் கோடுகளில் திகைக்கும். பெட்டியின் விளிம்பில் குவியாவிட்டால், காமிராவைச் சற்றே சாய்த்துக் குவியவைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி நேராக்கலாம்.

நிக்கான்காரருக்கு 1987-இல் வெளிவந்த 35-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் இரவுக்கு ஏற்றது. ஆனால் அதன் உட்புறக் கண்ணாடியில் காலப்போக்கில் பனி மூடினாற்போல் மங்கல் படிவது பலரும் அறிந்த குறை. 1986-இல் வந்த 35-70 மி.மீ. எஃப் 3.3-4.5 அதைவிட எளியது, மலிவானது, பகலுக்கு நல்லது. மினோல்டாவில் 1985-ஆம் ஆண்டு 35-70 மி.மீ. எஃப் 4 லென்ஸ், ஜூம் எந்த நிலையில் இருந்தாலும் துவாரம் மாறாத குணம் உடையது.

இனி, கண்ணாடிக்கு வருவோம். நம் நாட்டில் லென்ஸின் பெரும்பகை பூஞ்சை. கடைக்காரர் அதனை ஃபங்கஸ் என்பார். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், தோல் உறைக்குள் அடைத்து அலமாரியில் பல ஆண்டு கிடந்த லென்ஸில் அது சிலந்தி வலைபோல் கிளைத்துப் பரவும். லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்தி, முன்புறத்தில் சாய்வாகப் பார்த்தால் வலை தெரியும். ஓரிரு தூசி ஒன்றும் செய்யாது. முன்கண்ணாடியில் சிறு கீறல் இருந்தாலும் படம் கெடாது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் கெடும். துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்து பளபளத்தால் அவை மந்தமாக நகரும். வெளிச்சக் கணக்குத் தவறிப்போகும். ஜூம் வளையத்தை முழுக்க நீட்டிப் பார்க்க வேண்டும். உருளை ஆடினால் தேய்மானம் மிகுதி; கீழ்நோக்கிப் பிடித்தால் தானே வழிந்து இறங்கினால் பிடிப்புத் தளர்ந்தது என்று பொருள். பிறகு நம் காமிராவில் மாட்டி, அருகிலுள்ள ஒரு பலகையிலும் தொலைவிலுள்ள மலைமுகட்டிலும் குவிய விட வேண்டும். இரண்டிலும் நிற்காமல் முன்னும் பின்னும் அலைந்தால் அதை விட்டுவிடலாம்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிலிமின் கணக்கு அது. ஒரு ரோலுக்கு 36 படம். படம் எப்படி வந்தது என்பது கழுவிய பிறகுதான் தெரியும். ஒரு காலத்தில் பிலிமும் நம் நாட்டிலேயே விளைந்தது. உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் இந்து என்ற பெயரில் பிலிம் செய்தது. டிஜிட்டல் வந்தது, தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டது. இன்று பிலிம் கடல் கடந்து வரும் பொருள். விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. திருவிழா ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. தொண்ணூறு வயதுப் பாட்டி அடுத்த ஆண்டும் அதே திண்ணையில் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே வாங்கிய லென்ஸில் முதல் ரோலை விழாவுக்கு முன்பே சோதனைக்குச் செலவிட வேண்டும். அது வீண் செலவன்று, காப்புத் தொகை.

டிரைப் மதுரைக்கு வந்தபோது கல்லே நின்று காத்திருந்தது. மனிதர் பதியாது போயினர். பின்னர் வந்த ஒவ்வொரு லென்ஸும் கல்லிலிருந்து முகத்துக்கு நம்மை ஓர் அடி நெருங்கச் செய்தது. பெட்ஸ்வால் லென்ஸ் முகத்துக்கு ஒளி தந்தது. ஜூம் அந்த முகத்தை நாடி எட்டியது. ஆட்டோபோகஸ் அசையும் முகத்தைப் பற்றிக்கொண்டது. பழைய ஜூம் லென்ஸை வாங்குகிறவர் இந்த நீண்ட உழைப்பின் ஒரு துண்டையே விலைக்கு வாங்குகிறார். அது பிறந்த ஆண்டையும் குடும்பத்தையும் கேட்டறிந்து, பிறகு கண்ணாடியைப் பார்த்து, பிறகு விலை பேசினால் ஏமாற்றம் இராது. அந்த லென்ஸ் எந்தக் கம்பெனியுடையதாயினும், அதன் வழியே பதியப் போவது நம் ஊர், நம் மனிதர், அவர்கள் தாமே விரும்பித் தந்த முகம்.